சீட்டுல எழுதாத சாமான்

வா மக்கா, உள்ள ஏறி வா. நடையிலேயே நின்னு சீட்டை நீட்டுக, போலீசுக்காரன் கிட்ட லைசென்சு காட்டுகது மாதிரி. அந்த மூட்டை மேல இரி. சுக்கு மூட்டையாக்கும், உன்னை ஒண்ணும் செய்யாது. பக்கத்துல இருக்கது வத்தல் மிளகா, அதுல மட்டும் சாயாத. அந்த வத்தலுக்கு ஒரு கதை உண்டு, பொறவு சொல்லுகேன்.

கொண்டா சீட்டை. கண்ணாடி எங்க வச்சேன்... ஆங். தேங்காயெண்ணெய் அரை லிட்டர். பருத்திக் கயிறு ஆறு மீட்டர். மெழுகுவத்தி நாலு. சப்பாத்திக் கட்டை ஒண்ணு. தேன் சின்னக் குப்பி. பலூன் ஒரு பாக்கெட்டு.

ம்.

கல்யாணம் கழிஞ்சு எத்தன நாள் ஆச்சுடே? நாப்பத்தொண்ணா? சரியா ஒரு மண்டலம். மலைக்குப் போறவன் நாப்பத்தொரு நாளும் விரதம் இருப்பான். நீ நாப்பத்தொண்ணாம் நாளு கயிறும் மெழுகுவத்தியும் வாங்க வந்திருக்க. கொள்ளாம். ஏண்டே காது செவக்குது? நான் ஒண்ணுமே கேக்கல்லியே.

இந்தச் சாலைக் கடைத்தெருவிலே கிழக்கேகோட்டை முதல் கிள்ளிப்பாலம் வரைக்கும் விக்காத சாமான் கிடையாது. திவான் ராஜா கேசவதாசன் காலத்துல போட்ட சந்தையாக்கும் இது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா நம்ம ஆளுகள் மூட்டை மூட்டையாக் கொண்டுவந்து இறக்கி இருநூறு வருசத்துக்கு மேல ஆச்சு. பலசரக்குக் கடைக்காரன் கிட்ட மறைக்க முடியாது மக்கா. பெருங்காயமும் பூண்டும் கேட்டா வாயு. சதகுப்பை கேட்டா வீட்டுல பிள்ளை பெத்திருக்கு. முகம் பாக்காம, தராசைப் பாத்துக்கிட்டே சீட்டை நீட்டினா புதுசா கல்யாணம் கழிஞ்சிருக்கு. அங்கின பாத்திரக்கடை போட்டிருந்த ஆ. மாதவன், கடையில இருந்துக்கிட்டே இந்தத் தெரு மனுசனுக்குள்ள பசி எல்லாத்தையும் கதையா எழுதி வச்சாரு. 2015-ல அவருக்கு சாகித்ய அகாதெமி விருது கிடைச்சுச்சு. எனக்கு எழுதத் தெரியாது. சீட்டு வாசிக்கத் தெரியும்.

நாணப்படாத. வீட்டுச் சாமானை எடுத்து மெத்தைக்குக் கொண்டு போறதை நீயும் உன் பெஞ்சாதியும் கண்டுபிடிச்சதா நினைச்சுக்கிடாத. வாத்ஸ்யாயனர் காமசூத்திரத்துலே ஏழாம் பாகத்துலே இதை எழுதிப் போட்டாச்சு. பொன், வெள்ளி, செம்பு, தந்தம், எருமைக் கொம்பு, மரம், இப்பிடி ஒரு பாத்திரக்கடைக்குள்ள சரக்கை அடுக்குகாரு. அதுக்கு வக்கில்லாதவன் சுரைக்கொடித் தண்டையோ மூங்கிலையோ எண்ணெயிலே பதம் பண்ணி இடுப்புல கயிறு போட்டுக் கெட்டிக்கோங்காரு. இடுப்புல கெட்டணும்னு சொன்னாரே, அந்தக் கெட்டுல நமக்கு ஒரு பாடம் உண்டு. சப்பாத்திக் கட்டைக்கு வரும்போது சொல்லுகேன்.

முதல்ல ஒண்ணு. பேங்குல ரெண்டு பேரும் சேர்ந்தே எடுக்கணும்னு கணக்கு வச்சா ரெண்டு பேரு கையெழுத்து வேணும் இல்லியா? இதுவும் அந்தக் கணக்குதான். ரெண்டு பேரும் வயசு வந்தவங்க, ரெண்டு பேருக்கும் மனசு இருக்கணும். 'எம் பெஞ்சாதிதானே' என்கத எல்லாம் கையெழுத்து ஆகாது. நேத்து போட்ட கையெழுத்து இன்னைக்குச் செல்லாது. பாதியிலே அவ வேண்டாம்னா செக்கு திரும்பி வந்தாச்சு, அவ்வளவுதான். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரும்பிப் படுக்காத. அது கந்துவட்டிக்காரன் பழக்கம்.

செரி, எண்ணெய்.

நான் 1969-ல, பதினாறு வயசுல, இந்தச் சாலைக்கு எடுபிடி வேலைக்கு வந்தவனாக்கும். அந்த ஜனவரியிலதான் நாகர்கோவில் இடைத்தேர்தல்ல காமராஜர் நின்னு ஜெயிச்சாரு. போஸ்டர் பசை காயுகதுக்கு முன்ன நான் பஸ் ஏறிட்டேன். அதே வருசம் ஏப்ரல் 5-ஆம் தேதி, இங்கேருந்து சைக்கிள்ல போற தூரத்துல, பேரூர்க்கடையிலே ஒரு பாக்டரி ஓடத் தொடங்கிச்சு. இந்துஸ்தான் லேட்டக்ஸ். ஜப்பான்ல ஒகமோட்டோன்னு ஒரு கம்பெனி, அவிய கிட்ட இருந்து வித்தை வாங்கி, வருசத்துக்கு 14.4 கோடி எண்ணம் உண்டாக்குகதுக்கு சர்க்கார் போட்ட மிஷினு. சரக்குக்குப் பேரு நிரோத். பேரு வைக்கும்போது ஒரு கதை நடந்ததாச் சொல்லுவாங்க. கல்கத்தாவுல படிச்ச நிர்வாகப் படிப்புக்காரங்க, 'காமராஜ்'னு வைக்கலாம், காமனுக்கே ராஜா, நல்ல பேருன்னு எழுதிக் கொடுத்துட்டாங்களாம். டில்லியிலே வாசிச்சவனுக்கு வேர்த்துப் போச்சு. காங்கிரசுக்கு அப்போ தலைவரு யாரு? பேப்பரை மடிச்சு மேசைக்குள்ள போட்டு, சமஸ்கிருதத்துல தடுப்புன்னு அர்த்தம் வாற மாதிரி நிரோத்னு மாத்திட்டாங்க. நாகர்கோவில்காரன் தப்பிச்சான் மக்கா. இல்லன்னா எங்க எம்.பி. பேரைச் சொல்லி இல்லா நாங்க மூணு எண்ணம் 15 பைசாவுக்கு வித்திருக்கணும்!

15 பைசாவுக்கு மூணு எண்ணம். சோப்பு விக்கிற கம்பெனியும் தேயிலை விக்கிற கம்பெனியும் அவிய வேன்ல ஏத்திக் கொண்டுவந்து பலசரக்குக் கடையிலேயே வச்சாங்க. எங்க முதலாளி அதைச் சீரக டப்பாவுக்குப் பின்னால வச்சிருப்பாரு. வாங்க வாறவன் முதல்ல தீப்பெட்டி கேப்பான். பொறவு பார் சோப்பு. பொறவு வானத்தைப் பாத்து, மழை வருமாங்கான். அப்போ முதலாளி எனக்குக் கண்ணைக் காட்டுவாரு. நான் சீரகத்துக்குப் பின்னால கையை விடுவேன். தேவையே இல்லாம வாங்கின தீப்பெட்டியை வச்சே அந்தக் காலத்துல பாதி குடும்பத்துல ஒரு வருசம் அடுப்பு எரிஞ்சிருக்கும்.

இதை இப்போ ஏன் சொல்லுகேன்? நீ அரை லிட்டர் தேங்காயெண்ணெய் எழுதியிருக்க. நம்ம ஊருல குழந்தைக்குத் தேய்க்க அது, தலைக்கு அது, தாளிக்க அது, விளக்குக்கு அது. அதனால இதுக்கும் அதுன்னு எடுத்துருவான். உறை போடாத புருசன் பெஞ்சாதிக்கு, பிள்ளை வேணும்னு இருக்கவங்களுக்கு, வெளித்தோலுல தடவ அது பெரிய பாதகம் இல்ல. சிலருக்கு அரிக்கும், அரிச்சா விட்டுரணும். ஆனா ரப்பர் உறையோட எண்ணெய் சேரக்கூடாது. சேரவே கூடாது. ரப்பர்ப் பாலுக்கு எண்ணெய் சத்துரு. உன் சீட்டுல பலூன் இருக்கு இல்லியா, ஒண்ணை எடு. பிசுக்கு காட்டாத, விலையை நான் கழிச்சிருகேன். ஊது. இன்னும் ஊது. கெட்டு. இந்தா, ரெண்டு சொட்டு எண்ணெய். மேல நல்லாத் தடவி அந்த ஆணியிலே தூக்கு. பலூனும் ரப்பர்ப் பாலு, உறையும் ரப்பர்ப் பாலு. ஒரே மரத்துப் பிள்ளைகள், சித்தப்பன் மகனும் பெரியப்பன் மகனும். அங்க தொங்கட்டு, நாம பேசுவோம்.

அந்த உறையை லேசா நினைச்சிராத. பரிசோதனையிலே அதுக்குள்ள காத்தடிப்பாங்க. சாதாரண அளவுள்ளது 18 லிட்டர் காத்தாவது தாங்கணும்னு உலகத்துக்கெல்லாம் பொதுவா ஒரு தர அளவு. இந்தா நிக்குதே எண்ணெய் டின், இதை விடப் பெருசா ஊதும். அவ்வளவு கெட்டி உள்ள சாதனம், 1989-ல அமெரிக்காவுல குழந்தைக்குத் தேய்க்கிற மாதிரி உள்ள மினரல் ஆயில் பட வச்சுப் பாத்தா, 60 வினாடியிலே பலத்துல பத்துல ஒன்பது பங்கு போச்சு. ஒரு நிமிசம்டே. நீ லைட்டை அணைச்சுட்டு வாறதுக்குள்ள. வாசலினும் அப்பிடித்தான், வெண்ணெயும் நெய்யும் அப்பிடித்தான், கைக்குப் போடுற கிரீமும் அப்பிடித்தான். அப்போ என்ன செய்யணும்? மருந்துக்கடைக்குப் போயி, தண்ணியிலே கரையிற ஜெல்லின்னு வாய் திறந்து கேளு. தீப்பெட்டி வாங்காத.

ஷாம்பூ, சோப்பு நுரை எல்லாம் வழுக்குதேன்னு எடுக்காத. அது குளியலறையிலே வழுக்குகதுக்கு. உள்ள தோலு வெளித்தோலு மாதிரி இல்ல, எரியும், புண்ணாகும். டெட்டால் ஊத்திக் கழுவுகதும் வேண்டாம். பெண்ணுடம்பு தன்னைத் தானே கழுவிக்கிடும். தேன் எழுதியிருக்க பாரு, அதுவும் இந்த வகைதான். நாக்குல விடு, கழுத்துல விட்டு நக்கு, உன் இஷ்டம். கீழே இனிப்பு போச்சுன்னா பூஞ்சைக்கு ஓணச் சத்யா, மறுநாள் அவளுக்கு அரிப்பு. சீனி, சாக்லெட், ஐஸ்கிரீம் எல்லாத்துக்கும் ஒரே நியாயம்.

இனி சப்பாத்திக் கட்டை.

இந்தக் கட்டையை எடுத்துப் பாரு. நல்லா விரலை ஓட்டிப் பாரு. இங்கின சிலாம்பு, இங்கின வெடிப்பு, இங்கின வார்னிஷ் உரிஞ்சு நிக்கி. மாவுக்கு இது போதும். உடம்புக்குள்ள போற சாதனத்துல சிலாம்பும் இருக்கப்படாது, விளிம்பும் இருக்கப்படாது, உடையப்படாது. கண்ணாடிக் குப்பி வேண்டவே வேண்டாம். உடையுகது ஒண்ணு, உள்ள காத்து வலிச்சு ஒட்டிக்கிடுகது இன்னொண்ணு. டியூப் லைட், பல்பு, அதைச் சொல்லவே வேண்டாம். வெள்ளரிக்கா, கேரட்டு எடுக்கவன் உண்டு. சந்தைக்கு வந்த காயிலே தெளிச்ச மருந்து எம்புட்டுன்னு எனக்குத் தெரியும், விளைவிச்சவனே அதை வீட்டுக்குக் கொண்டு போகமாட்டான். எடுத்தாலும் கழுவி, புது உறையை மாட்டி, பாதி மிச்சம் வைக்கணும், பொறவு அதைப் பச்சடி போடக்கூடாது. சிரிக்காத, மிச்சம் பிடிக்கிற குடும்பம் இருக்கு. கரண்டுல சொருகி ஓடுற எந்த சாதனமும் ஈரத்துக்குப் பக்கத்துல வரப்படாது. ஜெர்மனியிலே தூசி உறிஞ்சுற மிஷின்ல கொண்டு போயி விட்டவங்க இருக்காங்க. அந்தக் காயத்தை மட்டும் ஆராய்ஞ்சு 1978-ல மியூனிக்ல ஒருத்தன் டாக்டர் பட்டமே வாங்கிட்டான். காயம் ஒருத்தனுக்கு, பட்டம் இன்னொருத்தனுக்கு.

வாத்ஸ்யாயனர் இடுப்புல கெட்டச் சொன்ன பாடத்துக்கு இப்போ வாறேன். முன்வாசலுக்கு உள்ளே ஒரு சுவரு உண்டு. போனது எங்கயும் போகாது. பின்வாசல் அப்பிடி இல்ல. அது குழாய். வாசல்ல இறுக்கிப் பிடிக்கிற தசை ரெண்டு, உள்ள தாராளமா இடம். ஒருக்க முழுசா உள்ள போயிட்டுன்னா வாசல் அடைச்சுக்கிடும், உள்ளுக்குள்ள மேல ஏறிக்கிடும். அதனாலதான் அடிப்பாகம் அகலமா, கையிலே நிக்கிற மாதிரி இருக்கணும். புனல் ஏன் குப்பிக்குள்ள விழுகதில்ல? வாய் அகலம், அதான். உருட்டுக்கட்டைக்கு அகலம் எங்க இருக்கு? ரெண்டு பக்கமும் ஒண்ணு போல. கயிறு கெட்டினாலும் கைப்பிடி நழுவும். அந்தக் கிழவரு எதுக்குக் கெட்டச் சொன்னாரோ, வெளியே ஒரு பிடி இருக்கணும், அதான் பாடம்.

அமெரிக்காவுல ரெண்டு டாக்டர்மாரு, புஷ்னு ஒருத்தரு, ஸ்டார்லிங்னு ஒருத்தரு, உலகத்துல பின்வாசல்ல மாட்டின சாமானுக்கெல்லாம் 1986-ல ஒரு கணக்குப் புஸ்தகம் போட்டாங்க. நம்ம கடை ஸ்டாக் ரிஜிஸ்டர் தோத்துப் போகும். பல்பு ஏழு. டார்ச் லைட்டு ரெண்டு. கத்தி தீட்டுற கோலு. பொடி டப்பி. எண்ணெய்க் கேன், அதுக்கு உருளைக்கிழங்கு அடைப்பு வேற. தகரக் கோப்பை. பியர் கிளாசு. ஒருத்தன் உள்ளே மூக்குக்கண்ணாடி, பெட்டிச் சாவி, புகையிலைப் பை, ஒரு பத்திரிகை. பத்திரிகைடே! பொழுது போகட்டும்னு நினைச்சானோ என்னமோ. 1995-ல இந்தக் கணக்குக்கு இலக்கியத்துக்குள்ள இக் நோபல் பரிசு கொடுத்தாங்க, சிரிச்சுட்டு பொறவு யோசிக்க வைக்கிற வேலைக்குக் கொடுக்கிற பரிசு அது. நான் சிரிச்சுட்டேன். பொறவு யோசிச்சது என்னன்னா, இத்தனை பேருல ஒருத்தன்கூட அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கமாட்டான்.

டம்!

ஏய், பயந்துட்டியா? இரி, இரி. மூட்டையிலேருந்து விழாத. வேற ஒண்ணும் இல்ல, பலூன். பாத்தியா? யாரும் ஊசி குத்தல்ல, யாரும் தொடல்ல. நீ என் வாயைப் பாத்துக்கிட்டு இருந்த, எண்ணெய் அதுபாட்டுக்கு அதுக்க வேலையைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. போட்டும். ஒரு பலூன் கணக்குல கழிச்சாச்சு.

எங்கே விட்டேன்? ஆஸ்பத்திரி. மாட்டிக்கிட்டா கொறடு எடுக்காத, கரண்டி எடுக்காத, பேதி மருந்து குடிக்காத, ராத்திரி முழுக்க விட்டத்தைப் பாத்துக் கிடக்காத. வயித்து வலி, ரத்தம், காய்ச்சல் இருந்தா ஒரு நிமிசம் தாமசிக்கப்படாது. இல்லன்னாலும் அன்னைக்கே போகணும். இந்தத் திருவனந்தபுரத்துல 1951-லேருந்து மெடிக்கல் காலேஜ் நடக்கு. அங்கின நீ சொல்லப்போற கதை புதுசு இல்ல. குளிக்கும்போது வழுக்கி விழுந்தேன், அங்கின இது நின்னுச்சு, இதுதான் உலகம் பூராவும் சொல்லுற கதை. வழுக்கி விழுந்தவன் மேல இருந்து விழுவானே ஒழிய, வெள்ளரிக்கா மேல குறி பாத்து உட்காரமாட்டான். டாக்டருக்கு வேண்டியது என்ன சாமான், எத்தனை நீளம், கண்ணாடியா மரமா, எப்போன்னுதான். அதை நேராச் சொன்னா அவரு வேலை பாதி கழிஞ்சுச்சு.

இன்னொண்ணு. பின்வாசல்ல போனது, கழுவாம முன்வாசலுக்கு வரக்கூடாது. தறவாட்டு வீட்டுல முற்றம் கூட்டுன விளக்குமாத்தை அடுக்களைக்குள்ள கொண்டு வருவாளா உங்க ஆச்சி? ஒரு ஆளுக்கு ஒரு உறை, ஒரு வாசலுக்கு ஒரு உறை. மாத்தும்போது புதுசு. விரலுக்கும் இதே கணக்கு, நகம் வெட்டியிருக்கணும்.

மோதிரக் காரியம் மறந்தேன் பாரு. ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு ஒரு கிறுக்கு. இரும்பு வாஷர், நட்டு, பைப்புத் துண்டு, குப்பிக் கழுத்து, என்ன வட்டத்தைக் கண்டாலும் உள்ள விட்டுப் பாக்கணும். உள்ள போகும்போது ஒடுங்கிப் போகும். பொறவு ரத்தம் உள்ளே வரும், வெளியே போக வழி இருக்காது. வீங்கும், வீங்கினா இன்னும் இறுகும். 2025-ல காஞ்ஞங்காட்டுல ஒருத்தனுக்கு மாட்டின இரும்பு நட்டை வெட்டி எடுக்க, ஆஸ்பத்திரிக்காரங்க தீயணைப்புப் படையை இல்லா விளிச்சாங்க. தீ அணைக்க வந்தவன் மோட்டார் வெட்டியோட உன் காலுக்கு நடுவுல நிக்கிறதை நினைச்சுப் பாரு. போட்டே ஆகணும்னா அவுக்கவும் அறுக்கவும் முடியிற சாதனம், அரை மணிக்கூறுக்கு மேல கிடையாது, போட்டுக்கிட்டு உறங்கக்கூடாது. நிறம் மாறினா, மரத்துப் போனா, உடனே கழத்தணும். கழலல்லன்னா ஆஸ்பத்திரி.

வத்தல் கதை சொல்லுகேன்னேன் இல்லியா.

எனக்குக் கல்யாணம் கழிஞ்ச புதுசு. அன்னைக்கு லோடு வந்துச்சு, குண்டூர் வத்தல். நாள் முழுக்கக் கொட்டி, அளந்து, கெட்டி, தூக்கி... ராத்திரி பத்து மணிக்குக் கரமனையாத்துப் பக்கம் வாடகை வீட்டுக்குப் போறேன். கைகால் கழுவினேனே, கழுவாம இல்ல. தண்ணியிலே கழுவினேன். வீட்டுக்காரி மல்லிப்பூ வச்சிருந்தா. அதுக்கு மேல உனக்குச் சொல்ல எனக்கு என்ன தலையெழுத்து? ஒரு அஞ்சு நிமிசம் கழிஞ்சு அவ ஒரு சத்தம் போட்டா பாரு! பக்கத்து வீட்டுல விளக்கு எரிஞ்சுச்சு. எங்க மாமியார், விருந்துக்கு வந்தவ, அடுத்த அறையிலேருந்து 'எந்தா மோளே'ன்னு ஓடி வாறா. நான் அவசரத்துல வேட்டியை எடுத்து உடுத்தப் போக, அந்தக் கையாலேயே... எனக்கும் பிடிச்சுக்கிட்டு. ரெண்டு பேரும் அறைக்குள்ள ரெண்டு மூலையிலே நின்னு ஆடுறோம். தண்ணி ஊத்தினோம். ஊத்த ஊத்தப் பரவுது!

மாமியார் ஒண்ணும் கேக்கல்ல. கதவு இடுக்கு வழியா ஒரு கிண்ணம் தேங்காயெண்ணெயை நீட்டினா. 'தேய்ச்சுத் துடை, பொறவு சோப்பு போடு. இனிமே வத்தல் தொட்ட அன்னைக்குத் திண்ணையிலே படு'ன்னா. அந்த எரிப்பு தண்ணியிலே கரையாது மக்கா, எண்ணெயிலேதான் கரையும். எண்ணெய் போட்டு இளக்கித் துடைச்சு, பொறவு கையையும் வெளித்தோலையும் மட்டும் சோப்பு போட்டுக் கழுவணும். பச்சை மிளகா அரிஞ்ச கைக்கும் அதேதான். எங்க ரெண்டு பிள்ளைகளுக்குப் பாட்டி ஆன பொறவும் அவ என்னை மருமகனேன்னுதான் விளிச்சா, ஆனா ஒவ்வொரு தடவையும் சாப்பாடு பரிமாறும்போது 'கொஞ்சம் வத்தல் குழம்பு ஊத்தட்டா'ன்னு கேப்பா. கேட்டுட்டுச் சிரிக்கமாட்டா. அதுதான் கொடுமை.

பாத்தியா, எல்லா சாதனத்துக்கும் ஒரு குணம் உண்டு. உறைக்கு எமனா இருக்கிற எண்ணெய், எரிப்புக்கு மருந்து. அதனாலதான் சொல்லுகேன், எடுக்கதுக்கு முன்ன கடைக்காரன் கிட்ட கேட்டுரணும்.

கயிறு. ஆறு மீட்டர். நீ பருத்தின்னு எழுதியிருக்க, புத்தி உண்டு. நம்ம நாட்டுச் சகிரிக் கயிறு தேங்கா கெட்டுகதுக்கு, தோலை அரத்துல அராவுன மாதிரி ஆக்கிரும். நைலான் வழுக்கும், இழுத்தா பொள்ளும், முடிச்சு இறுகினா பிசாசு வந்தாலும் அவுக்காது. பட்டுத் துண்டும் அதே சனியன்தான், பாக்க மிருது, முடிச்சு கல்லு. கெட்டினா கயித்துக்கும் தோலுக்கும் நடுவுல ரெண்டு விரல் போகணும். கை முட்டி மடக்கு, அக்குள், அங்கின எல்லாம் நரம்பு மேலாக்க ஓடுது, அமுக்கினா கை தொங்கிப் போகும், வாரக்கணக்கா தோசை பிய்க்க முடியாது. விரல் மரத்தா, குளிர்ந்தா, நீலம் பாரிச்சா அவிழ்க்கணும். தலையணைக்கு அடியிலே ஒரு கத்தரி இருக்கட்டு. கழுத்துல கயிறு கிடையாது, துண்டு கிடையாது, கையும் கிடையாது. அதுல பதமா செய்யுகதுன்னு ஒண்ணு இல்லவே இல்ல. பேன் கொக்கியிலே கெட்டித் தூக்குகது சினிமாக்காரனுக்கு. கெட்டிப் போட்டுட்டு சாயா போட அடுக்களைக்குப் போகாத. அங்கின பால் பொங்கும், இங்கின அவ மூச்சு முட்டுவா. தனியா இருக்கும்போது தன்னைத் தானே கெட்டிக்கிடுகவன் இருக்கான் பாரு, அவனுக்குக் கதவைத் திறக்க மறுநாள் ஆள் வரணும்.

நிறுத்தணும்னா நிறுத்த ஒரு வார்த்தை பேசி வச்சுக்கிடணும். 'வேண்டாம் வேண்டாம்'னு விளையாட்டுக்கும் சொல்லுவாங்க, நிசமாவும் சொல்லுவாங்க, குழம்பிரும். அதனால சம்பந்தமே இல்லாத ஒரு பேரு வேணும். நான் ஒண்ணு தரட்டா? கிள்ளிப்பாலம். அதைச் சொன்னா சாலை முடிஞ்சுச்சு, வண்டி நின்னுச்சு. வாயை அடைச்சிருந்தா கையிலே சாவிக்கொத்தைக் கொடு, கீழ விட்டா கிள்ளிப்பாலம்.

மெழுகுவத்தி. இந்த வெள்ளை சாதா வத்தி போதும், தேன்மெழுகு வேண்டாம், அது இன்னும் கூடுதல் சூட்டுல உருகுது. முதல்ல உன் கைத்தண்டையிலே ஒரு சொட்டு விட்டுப் பாரு. தோள் உயரத்துலேருந்து விடணும், கிட்டத்துல விட்டா பொள்ளும். முகம், முடி, கீழ்ப்பாகம் வேண்டாம். கொசுவலை, நைலக்ஸ் சேலை பக்கத்துல தீ வேண்டாம். ஒரு வாளித் தண்ணி நிக்கட்டு. இது போதும், இதுல பேச ஒண்ணும் இல்ல.

செரி, மொத்தம் போட்டாச்சு. எண்ணெய், கயிறு, வத்தி, தேன், பலூன் ஒண்ணு குறைய. கட்டையை எடுத்து வச்சுக்கிட்டேன், சிலாம்பு இல்லாத ஒண்ணு நாளைக்கு வரும். என்னடே? என்ன முழிக்க? சொல்லு, சொல்லு.

...

கயிறு மாடியிலே துணி காயப்போடக் கொடி கெட்டவா? மெழுகுவத்தி, ராத்திரி கரண்டு போகுதேன்னா? தேன் உங்க ஆச்சிக்கு இருமலுக்கு. பலூன் நாளைக்கு அக்கா மோளுக்குப் பிறந்தநாள். சப்பாத்திக் கட்டை... சப்பாத்திக்கு.

ஓ.

அப்போ சீட்டு எழுதினது உன் மாமியாராக்கும். எழுத்து கொள்ளாம்.

போட்டும். வயசானவனுக்குக் கண்ணு தெரியல்ல, தப்பா வாசிச்சுட்டேன். ஒண்ணு மட்டும் கேக்கேன் மக்கா, கோவிச்சுக்கிடாத. நீ கடைக்கு வரும்போது மணி ஏழு. இப்போ எட்டரை. கொடிக்கயிறு வாங்க வந்தவன், முதல் பேச்சுலேயே 'பாட்டா, இது துணி காயப்போட'ன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே. மூட்டையை விட்டு அசையல்லியே நீ? ரெண்டு தடவை 'பொறவு'ன்னு வேற கேட்ட.

முகத்தை இங்க திருப்பு. தராசைப் பாக்காத.

மருந்துக்கடை வலப்பக்கம் நாலாவது. ஒம்பது மணிக்கு அடைச்சிருவான்.